புல்லுக்கு ஒரு தராசு

2023 ஏப்ரல் 2 காலை. கர்நாடகத்தின் சித்ரதுர்கா மாவட்டம் சள்ளக்கெரெ பகுதியில் ஹெலிகாப்டரிலிருந்து விடுவிக்கப்பட்ட இஸ்ரோவின் இறக்கை விண்கலம், மனித உதவியின்றி ஓடுபாதையில் வந்து இறங்கியது. விஞ்ஞானிகள் மகிழ்ந்தார்கள். மகிழ வேண்டிய சாதனைதான். ஆனால் அந்த ஓடுபாதை போடப்பட்டிருக்கும் மண்ணில் சில ஆண்டுகள் முன்புவரை செம்மறி ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன.

பெங்களூருவிலிருந்து சுமார் 200 கி.மீ. தொலைவில், கரடும் மேடுமாகக் கிடக்கும் இந்த வட்டாரம் கர்நாடகத்திலேயே மிகக் குறைவாக மழை பெறும் பகுதிகளில் ஒன்று. இங்குள்ள மேய்ச்சல் நிலங்களுக்கு 'அமிர்த மஹால் காவல்' என்று பெயர். மைசூர் உடையார்களும் பின்னர் திப்பு சுல்தானும் பீரங்கி வண்டி இழுக்கும் மாடுகளுக்காகக் காத்து வைத்த புல்வெளிகள் இவை. கோடைக்கு ஒரு காவல், மழைக்காலத்துக்கு ஒரு காவல், குளிர்காலத்துக்கு ஒரு காவல் என்று அன்றைய நிர்வாகம் பிரித்து வைத்திருந்தது. எந்தப் புல் எப்போது வளரும், எவ்வளவு நாள் தாங்கும் என்ற கணக்கு கையில் இல்லாமல் இப்படிப் பிரித்திருக்க முடியாது.

காலம் மாறியது. 2000களின் இறுதியில் சள்ளக்கெரெ காவல்களில் சுமார் 10,000 ஏக்கர், பாதுகாப்பு ஆராய்ச்சி மேம்பாட்டு நிறுவனம், பாபா அணு ஆராய்ச்சி மையம், இஸ்ரோ, பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் முதலான அமைப்புகளுக்கு ஒதுக்கப்பட்டது. சுவர்கள் எழுந்தன. மந்தைகளின் வழி அடைபட்டது. கம்பளி நெய்து பிழைக்கும் குடும்பங்கள் கலங்கின. பெங்களூருவின் என்விரான்மென்ட் சப்போர்ட் குரூப் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனது. 2014 ஆகஸ்டில் நிபந்தனைகளுடன் திட்டங்கள் தொடரத் தீர்ப்பாயம் வழிவிட்டது.

இந்த வழக்கின் சரி தவறு ஒருபுறம் இருக்கட்டும். அடிப்படைக் கேள்வி வேறு: இழந்த புல் எவ்வளவு?

புல்லை அளப்பது ராக்கெட் விஞ்ஞானம் அல்ல. ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலமுள்ள சட்டத்தைத் தரையில் வைத்து, உள்ளே இருக்கும் புல்லை அறுத்து, ஈரம் போகக் காயவைத்து எடை போட வேண்டும். 100 கிராம் தேறினால் ஹெக்டேருக்கு ஒரு டன். ஆனால் ஓரிடத்தில் அறுத்தால் போதாது. பல இடங்களில், பல மாதங்களில் அறுக்க வேண்டும். பக்கத்திலேயே ஆடு வாய் வைக்க முடியாதபடி ஒரு கம்பிக் கூண்டைக் கவிழ்த்து வைக்க வேண்டும். கூண்டுக்குள் வளர்ந்ததற்கும் வெளியே மிஞ்சியதற்கும் உள்ள வித்தியாசமே ஆடு தின்றது. கூண்டுக்குள்ளும் புல் வளரவில்லையென்றால் அந்த ஆண்டின் குற்றவாளி மழை, ஆடு அல்ல. ஆட்டுக்காரர் மீது சுமத்தப்படும் பழியில் எவ்வளவு நியாயம் என்பதை இந்தக் கூண்டு சொல்லிவிடும்.

நியூசிலாந்தில் விவசாயிகள் ஒரு கோலில் ஏறி இறங்கும் தட்டைப் புல்மீது வைத்து, அது நிற்கும் உயரத்தைக் கொண்டே எடையைக் கணித்துவிடுகிறார்கள். அடர்ந்த புல்தரைக்கு அது சரி. திட்டுத் திட்டாக முளைக்கும் தக்காணத்துப் புல்லுக்கு அரிவாளும் தராசும்தான் நம்பகமானவை.

அடுத்தது பங்கீடு. 30 கிலோ எடையுள்ள செம்மறி ஒரு நாளைக்குச் சுமார் ஒரு கிலோ உலர்புல் தின்னும். வளர்ந்ததில் பாதியை மண்ணுக்கும் வேருக்கும் விட்டுவிட வேண்டும் என்பது பழைய விதி. ஒரு பேச்சுக்கு, ஹெக்டேருக்கு ஒரு டன் என்று வைத்துக்கொண்டால் 500 கிலோ ஆட்டுக்கு. 10,000 ஏக்கர் என்பது ஏறக்குறைய 4,000 ஹெக்டேர். அப்படியானால் 20 லட்சம் கிலோ புல். ஆண்டு முழுவதும் சுமார் 5,500 ஆடுகளுக்குத் தீனி. நூறு ஆடு ஒரு குடும்பத்தைக் காப்பாற்றும் என்றால் 55 குடும்பங்களின் சோறு. இத்துடன் எருவும் கம்பளி ரோமமும் தனி.

இப்படி ஒரு கணக்கு எழுதப்படாத நிலத்துக்கு அரசு ஏடுகளில் கிடைக்கும் பெயர் 'தரிசு'. மே மாதத்தில் பார்ப்பவருக்கு அது தரிசுதான். அதே நிலத்தை மழைக்குப் பின் செப்டம்பரில் பார்க்க வேண்டும். மத்திய அரசின் தரிசு நில வரைபடத் தொகுப்பு, புதர்க்காடுகளையும் சீரழிந்த மேய்ச்சல் நிலங்களையும் ஒரே பட்டியலில் சேர்த்திருக்கிறது. மாறாக, எம்.டி. மதுசூதனும், பெங்களூரு ஏட்ரீ நிறுவனத்தின் அபி வனக்கும் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு தயாரித்து 2022ல் வெளியிட்ட ஆய்வு, இத்தகைய வறண்ட திறந்தவெளிகள் நாட்டின் பரப்பில் சுமார் 10 சதவீதம் என்கிறது. அவற்றில் பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குள் இருப்பது 5 சதவீதத்துக்கும் குறைவு.

தமிழ்நாட்டுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. காங்கயம், கரூர் பக்கத்துக் கொரங்காடுகளில் கிளுவை வேலியால் நிலத்தைப் பாத்தி பிரித்து, கொழுக்கட்டைப்புல்லும் வெள்வேலமும் வளர்த்து, ஒரு காட்டில் புல் தரைமட்டமாவதற்குள் அடுத்த காட்டுக்கு ஆட்டையும் மாட்டையும் மாற்றிவிடுகிறார்கள். கொரங்காட்டுக்குச் சொந்தக்காரர் உண்டு. கணக்குப் பார்க்க அவருக்குக் காரணமும் உண்டு. ராமநாதபுரத்துக் கீதாரிக்கும் சள்ளக்கெரெ மேய்ப்பருக்கும் சொந்தப் புல் கிடையாது. புல் முடிந்தால் கிடையைப் பெயர்ப்பது ஒன்றே அவர்களுடைய அளவுகோல். வழியைச் சுவர் அடைத்தால் அந்த அளவுகோலும் உடைந்துவிடும். மிச்சமிருக்கும் துண்டு நிலத்தில் எல்லா மந்தையும் குவியும். பிறகு 'ஆடுகள்தான் நிலத்தைக் கெடுத்தன' என்ற தீர்ப்பு சுலபமாக வரும்.

2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி கர்நாடகத்தில் 1.11 கோடி செம்மறி ஆடுகள். தெலங்கானாவுக்கும் ஆந்திரத்துக்கும் அடுத்த இடம். ஆடுகளைத் தலை எண்ணும் அரசு, அவை தின்னும் புல்லையும் எடை போட வேண்டாமா? அதற்கான அறிவு வெளியூரிலிருந்து வர வேண்டியதில்லை. கால்நடைத் தீவனக் கணக்கைத் தொகுக்கும் தேசிய நிறுவனம் பெங்களூரு ஆடுகோடியில் இருக்கிறது. பூமியைப் படம் பிடிக்கும் செயற்கைக்கோள்கள் அதே நகரத்தில்தான் உருவாகின்றன. வானத்திலிருந்து பார்த்த பச்சையைத் தரையில் அறுத்த புல்லோடு ஒப்பிட்டால் தாலுகாவாரியாக ஒரு பேரேடு தயாராகிவிடும்.

2026ஆம் ஆண்டை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்குமான சர்வதேச ஆண்டாக ஐ.நா. சபை 2022லேயே அறிவித்தது. விழா நடத்துவது எளிது. அதைவிடப் பயனுள்ள காரியம் ஒன்று உண்டு. அடுத்த காவலை அளந்து கொடுக்க சர்வேயர் சங்கிலியோடு போகும்போது, கூடவே ஒருவர் தராசோடும் போகட்டும்.