எத்தனை பேர் குழந்தையோடு வீடு திரும்பினார்கள்?

கருத்தரிப்பு மையங்களின் விளம்பரப் பலகைகளில் ஒரு சதவீதக் கணக்கு பெரிய எழுத்தில் மின்னுகிறது. எழுபது சதவீத வெற்றி, எண்பது சதவீத வெற்றி. எதில் எழுபது, யாரில் எண்பது என்று பலகை சொல்வதில்லை. நகையை அடகு வைத்துவிட்டு 42 வயதில் அந்தப் படியேறும் பெண்ணுக்குத் தெரிய வேண்டிய எண் வேறு. தன் வயதில், தன் சொந்தக் கருமுட்டையோடு, இதே மையத்தில் சிகிச்சை தொடங்கிய பெண்களில் எத்தனை பேர் குழந்தையோடு வீடு திரும்பினார்கள்? இந்தக் கணக்கை ஒவ்வொரு மையமும் வயதுவாரியாக வெளியிட வேண்டும். வெளியிடாத மையத்தின் பதிவைப் புதுப்பிக்கக் கூடாது.

இதற்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உதவி இனப்பெருக்கத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம் தேசியப் பதிவேடு ஒன்றை ஏற்படுத்தியிருக்கிறது. மையங்கள் தரும் சேவைகளையும் அவற்றின் விளைவுகளையும் அது திரட்ட வேண்டும். அதே சட்டத்தின் 21-ஆவது பிரிவு, வெற்றி வாய்ப்பு, செலவு, பக்கவிளைவு ஆகியவற்றைத் தம்பதிக்கு விளக்குவது மையத்தின் கடமை என்கிறது. குறைகேட்புப் பிரிவு வைப்பதும் கடமைதான். ஆக, அரசுக்குக் கணக்குக் கொடுக்கவும் சட்டம் இருக்கிறது, தம்பதிக்கு எடுத்துச் சொல்லவும் சட்டம் இருக்கிறது. கொடுத்த கணக்கை ஊரறிய வைக்கத்தான் வழியில்லை. ஒரு மையம் முறையாகப் பதிவு பெற்றதா, விந்தணுவைக் கர்ப்பப்பைக்குள் செலுத்தும் ஐ.யூ.ஐ. மட்டும் செய்யும் முதல் நிலையா, கருவை வெளியே உருவாக்கி வைக்கும் ஐ.வி.எஃப். செய்யக்கூடிய இரண்டாம் நிலையா என்று தெரிந்துகொள்ளலாம். அங்கே 40 வயதைத் தாண்டிய எத்தனை பேருக்குக் குழந்தை பிறந்தது என்று தெரிந்துகொள்ள முடியாது. ஆலோசனை அறையில் காதில் விழும் ‘நல்ல சான்ஸ் இருக்கும்மா’ என்பதே சட்டம் கேட்ட விளக்கமாகிவிடுகிறது.

பொய் சொல்லாமலே வெற்றிச் சதவீதத்தை எப்படியும் வளைக்கலாம். கர்ப்பத்தைக் காட்டும் பீட்டா எச்.சி.ஜி. ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ் ஆனதும் வெற்றி என்று எழுதிக்கொள்ளலாம். ஸ்கேனில் இதயத் துடிப்பு தெரிந்த பிறகு எழுதலாம். குழந்தை பிறந்த பிறகும் எழுதலாம். நாற்பதுக்கு மேல் கருச்சிதைவு அதிகம் என்பதால் முதல் கணக்குக்கும் கடைசிக் கணக்குக்கும் நடுவே பெரும் பள்ளம் இருக்கிறது. அடுத்து, எந்த எண்ணால் வகுக்கிறோம் என்பது. நூறு பேர் ஊசி போடத் தொடங்கினால், சிலருக்கு முட்டை சரியாக வளராமல் சிகிச்சை பாதியில் நிற்கும். சிலருக்கு எடுத்த முட்டை கருவாகாது. எஞ்சியவர்களுக்குத்தான் கரு கர்ப்பப்பையில் வைக்கப்படுகிறது. அந்த எஞ்சியவர்களை மட்டும் வைத்துச் சதவீதம் போட்டால், பணம் கட்டிவிட்டு வெறுங்கையோடு போனவர்கள் கணக்கில் வரவே மாட்டார்கள். 28 வயதுக்காரரையும் 43 வயதுக்காரரையும் ஒன்றாகச் சேர்த்துச் சராசரி சொல்வதும் உண்டு. இவை எல்லாவற்றையும்விடப் பெரியது தானமுட்டைச் சிகிச்சைகளைச் சொந்த முட்டைக் கணக்கில் கலப்பது. தானமுட்டையில் பலன் பெரிதும் முட்டை கொடுத்த இளம்பெண்ணின் வயதைப் பொறுத்தது, சுமக்கும் பெண்ணின் வயதை அல்ல. ‘48 வயதிலும் தாய்மை’ என்ற விளம்பரப் படத்துக்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது அதுதான். அதில் தவறேதும் இல்லை. சொல்லாமல் விடுவதுதான் தவறு.

பிரிட்டனில் 1991 முதல் இயங்கும் கருவுறுதல், கருவியல் ஆணையம் ஒவ்வொரு மையத்தின் பிறப்பு விகிதத்தையும் இணையத்தில் எல்லோரும் பார்க்க வைத்திருக்கிறது. 2019-ஆம் ஆண்டுக்கான அதன் அறிக்கையில், சொந்த முட்டையைப் பயன்படுத்தியவர்களுக்கு, வைக்கப்பட்ட கரு ஒன்றுக்குப் பிறப்பு விகிதம் 35 வயதுக்குக் கீழே 32 சதவீதம். 40 முதல் 42 வயதில் 11 சதவீதம். 43 வயதிலும் அதற்கு மேலும் 5-க்கும் குறைவு. இதுவும் கரு வைக்கும் கட்டம்வரை வந்தவர்களின் கணக்கே. அமெரிக்காவில் மையங்களின் வெற்றி விகிதம் பற்றிய சட்டம் 1992-லேயே வந்துவிட்டது. சிகிச்சையில் நாம் இப்படிப் பின்தங்கவில்லை: 1978 ஜூலையில் உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை லூயிஸ் பிரவுன் பிரிட்டனில் பிறந்து மூன்று மாதம் ஆகும் முன்பே, கொல்கத்தாவில் மருத்துவர் சுபாஷ் முகர்ஜியின் முயற்சியால் அதே முறையில் துர்கா என்ற குழந்தை பிறந்தாள். மருத்துவத்தில் மூன்று மாதம்கூடப் பின்தங்காத நாடு, கணக்குக் காட்டுவதில் முப்பது ஆண்டு பின்தங்கியிருக்கிறது.

நாற்பதில் இந்தப் படியேறுபவர்களை ‘காலாகாலத்தில் பெற்றிருக்கலாமே’ என்று கேட்க ஊரில் ஆள் இருக்கிறது. தங்கைகளைக் கரையேற்றிவிட்டுத் தாலி கட்டிக்கொண்டவர்கள் அவர்களில் உண்டு. மறுமணம் செய்தவர்கள் இருக்கிறார்கள். திருக்கருகாவூர்க் கோயில் நெய்யிலிருந்து நாட்டு மருந்துவரை பார்த்து, ‘விசேஷம் ஏதும் உண்டா’ என்ற கேள்விக்குப் பயந்து கல்யாண வீடுகளையே தவிர்த்து, பத்து வருடம் கழித்து வருபவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பத்து வருடத்தில் கணவருக்கு ஒருமுறைகூட விந்துப் பரிசோதனை செய்யாத வீடுகள் எத்தனை!

தனியார் மையங்களில் ஒரு சுற்று ஐ.வி.எஃப். ஒன்றரை லட்சத்திலிருந்து இரண்டரை லட்சம்வரை ஆகிறது. வயது கூடினால் ஊசி மருந்தும் பொதுவாகக் கூடும். ‘பேக்கேஜ்’ என்று சொல்லும் தொகையில் ஊசி உண்டா, கருவை உறையவைக்கும் கட்டணமும் ஆண்டு வாடகையும் உண்டா, இரண்டாம் முறை கரு வைக்கத் தனிக் காசா என்பதெல்லாம் பணம் கட்டிய பிறகே தெரியவருகிறது. மருத்துவக் காப்பீட்டை நம்பவும் முடியாது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த பொது விலக்குகளின் பட்டியலில் 17-ஆவது இதுதான்: மலட்டுத்தன்மை, ஐ.வி.எஃப்., முட்டைக்குள் விந்தணுவை ஊசியால் செலுத்தும் இக்சி எல்லாம் அதில் பெயர் சொல்லியே விலக்கப்பட்டிருக்கின்றன. தனியாகப் பிரீமியம் கட்டினால் சேர்த்துக்கொள்ளும் பாலிசிகள் சில உண்டு, காத்திருப்புக் காலத்தோடு. நாற்பதில் இருப்பவரிடம் காத்திருக்கச் சொல்வது இல்லை என்று சொல்வதற்குச் சமம். மிச்சம் இருப்பது நகைக்கடன், நிலம், வரவேற்பறையிலேயே நீட்டப்படும் இ.எம்.ஐ. விண்ணப்பம். மூன்று சுற்றுக்கு ஆறேழு லட்சம் கடன் வாங்குகிறவருக்கு, வாய்ப்பு பத்தில் ஒன்றா இரண்டில் ஒன்றா என்று தெரியாமல் கையெழுத்துப் போட வைப்பது எந்த நியாயத்தில் சேரும்?

கணக்கு வெளியானால் வேறு சிலவும் வெளிச்சத்துக்கு வரும். சிறு நகரங்களில் பல பெண்களின் சுழற்சியை ஒரே தேதிக்குக் கொண்டுவந்து, வெளியூர்க் கருவியல் நிபுணர் வந்து மொத்தமாகச் செய்துவிட்டுப் போகும் ‘பேட்ச்’ முறை இருக்கிறது. பத்துப் பதினைந்து முட்டை வரும் இளம்பெண்ணுக்கு அது ஓடிவிடலாம். இரண்டு மூன்று முட்டையே வரும் 42 வயதுக்காரருக்கு, அவர் உடம்பின் நாளைப் பார்க்காமல் நிபுணரின் நாளைப் பார்ப்பது இழப்பு. சோதனைக்கூடம் நிரந்தரமாக இயங்குகிறதா, நிபுணர் அங்கேயே இருக்கிறாரா என்று கேட்காமல் முன்பணம் கட்ட வேண்டாம் என்பது வாசகர்களுக்கு நம் வேண்டுகோள். கருவின் ஓட்டைத் துளைப்பது, கர்ப்பப்பை உட்சுவரைக் கீறுவது என ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணத்தோடு வரும் உபரிச் சேவைகளுக்கு என்ன ஆதாரம் என்றும் கேட்க வேண்டும். பிரிட்டன் ஆணையம் இவற்றுக்கும் தரமதிப்பீடு போட்டு வெளியிடுகிறது.

மறைப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை ஈரோடு 2022-ல் காட்டியது. 16 வயதுச் சிறுமியின் வயதை ஆதாரில் திருத்தி, பெற்ற தாயே அவளது கருமுட்டைகளைத் திரும்பத் திரும்ப விற்க வைத்த வழக்கு அது. முட்டை தருபவர் 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும், வாழ்நாளில் ஒரே முறை, அதிகபட்சம் ஏழு முட்டை என்று சட்டம் அதற்கு முன்பே சொல்லிவிட்டது. நாற்பதுகளில் வருபவர்களுக்கே தானமுட்டை அதிகம் தேவைப்படுகிறது. அது எவ்வளவு பயன்படுகிறது என்ற கணக்கே பொதுவெளியில் இல்லாத இடத்தில் தரகருக்குத்தான் கொண்டாட்டம்.

எண்ணை வெளியிடச் சொன்னால் மையங்கள் வயதானவர்களைத் திருப்பி அனுப்பிவிடும், எளிதான நோயாளிகளை மட்டும் எடுத்துக்கொள்ளும் என்று மருத்துவர்கள் சிலர் சொல்கிறார்கள். கவலையில் உண்மை இருக்கிறது. எல்லோருக்கும் சேர்த்து ஒரே எண் என்றால் அப்படித்தான் நடக்கும். வயதுவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை பேருக்குச் சிகிச்சை தொடங்கப்பட்டது என்பதையும் சேர்த்து வெளியிட்டால், 41 வயதுக்காரர்களை ஏற்கும் மையம் எது, கைகழுவும் மையம் எது என்பதும் தெரிந்துவிடும். முடியாது என்று நேர்மையாகச் சொல்லித் திருப்பி அனுப்பும் மருத்துவர், நான்காவது சுற்றுக்குத் தேதி கொடுப்பவரைவிட மேலானவர்.

தத்தெடுக்க நினைப்பவர்களுக்கும் இந்த எண் தேவை. 2022 தத்தெடுப்பு விதிகளின்படி, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பதிவு செய்ய, தம்பதியின் வயதுகளைக் கூட்டினால் 85-ஐத் தாண்டக் கூடாது. மனைவிக்கு 39, கணவருக்கு 44 என்றால் இன்றைய கூட்டுத்தொகை 83. ஆண்டுக்கு இரண்டு கூடும். பலனில்லாத சுற்றுகளில் இரண்டு வருடம் போனால் கைக்குழந்தைக்கான அந்தக் கதவும் மூடிவிடும். இதை ஆலோசனை அறையில் யாராவது சொல்கிறார்களா?

2024 அக்டோபரில் சென்னையில் நடந்த இலவசத் திருமண விழாவில், பதினாறு பிள்ளைகள் பெற்றுக்கொள்ளலாமே என்ற பேச்சை முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் எடுத்தார். தொகுதி மறுவரையறையில் தமிழகம் இழக்கப்போகும் இடங்கள் பற்றிய கவலையிலிருந்து வந்த பேச்சு அது. பிள்ளை வேண்டும் என்று மேடையில் சொல்லும் அரசுகள், ஒரு பிள்ளைக்காகக் கடன்படுகிறவர்களுக்கு என்ன செய்கின்றன என்று கேட்கத்தான் வேண்டும். காப்பீட்டு விலக்கை நீக்க டெல்லியை வற்புறுத்துவது நாளாகும் வேலை. பதிவேட்டைத் திறப்பதும் ஒன்றிய அரசின் கையில் இருக்கிறது. ஆனால் எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையில் அரசே கருத்தரிப்பு மையம் நடத்துகிறது. அங்கே வந்தவர்களில் எந்த வயதில் எத்தனை பேருக்குச் சிகிச்சை தொடங்கியது, எத்தனை பேருக்குக் குழந்தை பிறந்தது என்பதை மருத்துவமனை வாசலில் எழுதி வைக்க யாருடைய அனுமதியும் தேவையில்லை. சுகாதாரத்துறை அதை இந்த ஆண்டே செய்யட்டும். தனியார் மையங்களிடம் கேட்கும் தகுதி அதன் பிறகு தானாக வரும்.