முலாம் பூசிய குண்டும் மேக்னம் மீசையும்

அமெரிக்காவில் தோட்டாவைக் கடையில் வாங்காமல் வீட்டு மேசையிலேயே அடைத்துக்கொள்கிற கூட்டம் ஒன்று உண்டு. அந்தக் கூட்டத்துக்குள் ஒரு தீராத சண்டை. .357 மேக்னத்துக்கு எச்110 என்ற வெடிமருந்து நல்லதா, வின்செஸ்டர் 296 நல்லதா? ஒரு கோஷ்டி முன்னதுதான் சுத்தமாக எரிகிறது என்னும். எதிர்க் கோஷ்டி பின்னதில்தான் குறி தப்பாது என்று சத்தியம் செய்யும். இரண்டும் ஒரே வெடிமருந்து. டப்பாவும் லேபிளும் மட்டும்தான் வேறு. இரண்டையும் விற்கும் ஹாட்ஜ்டன் நிறுவனமே ஒப்புக்கொண்ட சங்கதி இது!

இந்தச் சண்டையைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் அதே மேசையில் இன்னொரு தப்பு சத்தமில்லாமல் நடக்கிறது, அதுதான் ஆபத்தானது. ப்ளேட்டட் குண்டைப் பின்னால் வைத்து, முன்னால் முழு மேக்னம் கனவை வைத்துக்கொண்டு, லீவர் ஆக்‌ஷன் ரைபிளுக்கு வெடிமருந்து தேடுவது. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்பது இதுதான்.

முதலில் குண்டைப் பார்ப்போம். துப்பாக்கிக் குண்டில் மூன்று ஜாதி. ஒன்று வெறும் ஈயம், விலை மலிவு. இன்னொன்று ஜாக்கெட் போட்டது. செம்போடு கொஞ்சம் துத்தநாகம் கலந்த தகட்டைக் கிண்ணம்போல் இழுத்து, ஈயத்தை அதற்குள் அடைப்பார்கள். விலை அதிகம். நடுவில் நிற்பதுதான் ப்ளேட்டட். மெத்தென்ற ஈயத்தை வடிவம் கொடுத்து, மின்முலாம் தொட்டியில் போட்டு, செம்பைப் பூசி எடுப்பது. கவரிங் நகைக்குப் பூசுகிற அதே வித்தை. பார்க்க ஜாக்கெட் குண்டு மாதிரியே பளபளக்கும். கையில் எடுத்தவன் ஏமாறுவது அந்தப் பளபளப்பில்தான். மேலே இருப்பது மெல்லிய, சுத்தச் செம்பு. அடியில் இருப்பது நகம் பட்டாலே கோடு விழுகிற ஈயம்.

இதை விற்கிற கம்பெனிக்கு இது தெரியாதா? நன்றாகவே தெரியும். பெர்ரிஸ் என்ற பிரபல நிறுவனம் தன் சாதாரண ப்ளேட்டட் குண்டுக்கு வினாடிக்கு 1250 அடி என்று எல்லை போட்டிருக்கிறது. முலாம் தடித்த ரகத்துக்கு 1500 அடி. அதற்கு மேல் போனால் முலாம் கிழியலாம், குறி சிதறலாம், குழலுக்குள் ஈயம் அப்பிக்கொள்ளலாம். விற்பவனே "இதற்கு மேல் ஓட்டாதே" என்று எழுதி வைத்திருக்கிறான். வாங்குகிறவன்தான் படிப்பதில்லை.

சரி, இப்போது துப்பாக்கி. .357 மேக்னம் 1935-ல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வரோடு வந்தது. பழைய .38 ஸ்பெஷல் கூட்டையே அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு நீட்டினார்கள். புதிய அழுத்தத் தோட்டாவை யாராவது பழைய துப்பாக்கிக்குள் திணித்துக் கையை இழக்கக் கூடாது என்பதுதான் காரணம். (அந்தக் காலத்து ஆட்களுக்கு மனித புத்தியைப் பற்றி நல்ல மதிப்பீடு இருந்திருக்கிறது!) ரிவால்வரின் குட்டிக் குழலில் வழக்கமான 158 கிரெய்ன் குண்டு முழு லோடில் வினாடிக்குச் சுமார் 1250 அடி போகும். அதே தோட்டாவை 18 அங்குலக் குழலுள்ள மார்லின் 1894-லோ, வின்செஸ்டர் 1892 சாயலில் வந்த ரைபிளிலோ போட்டால், மெதுவாக எரியும் வெடிமருந்தாக இருக்கும் பட்சத்தில், 1700-ஐத் தாண்டும். லீவர் ரைபிளில் மேக்னம் அடிப்பவர்களுக்குப் பெருமையே அந்த வித்தியாசத்தில்தான்.

இங்கேதான் கணக்கு இடிக்கிறது. கைத்துப்பாக்கி அட்டவணையைப் பார்த்து, "1250 தானே, எல்லைக்குள்தானே" என்று எச்110-ஐ நிரப்புகிறார்கள். ஆனால் அந்தத் தோட்டா வெளியே வரப்போவது ரைபிள் குழல் வழியாக. முலாமுக்கு ரிவால்வரா ரைபிளா என்றெல்லாம் தெரியாது. அதற்குத் தெரிந்தது வேகம் ஒன்றுதான்.

"அப்படியானால் எச்110-ஐக் கொஞ்சம் குறைத்துப் போடலாமே?" என்று ஒரு சமாதானம் வரும். மிகத் தவறான சமாதானம். எச்110-ஐ அட்டவணை அளவிலிருந்து 3 சதவீதத்துக்கு மேல் குறைக்காதே என்று ஹாட்ஜ்டன் வெளிப்படையாக எச்சரித்திருக்கிறது. அது சின்னச் சின்ன உருண்டையான, எளிதில் பற்றாத சரக்கு. சூடான மேக்னம் பிரைமர் வேண்டும், கூடு நிறைந்திருக்க வேண்டும், குண்டும் இறுக்கமாகப் பிடித்து நிற்க வேண்டும். அப்போதுதான் அழுத்தம் ஏறி ஒழுங்காக எரியும். குறைத்துப் போட்டால் பாதியில் அணைந்து, குண்டு குழலுக்குள்ளேயே நின்றுவிடக்கூடும்.

இறுக்கமாகப் பிடித்து நிற்பது எப்படி? கூட்டின் வாயை உள்நோக்கி மடக்கிக் குண்டைக் கவ்வ வைப்பார்கள், கிரிம்ப் என்று பெயர். ஜாக்கெட் குண்டின் இடுப்பில் இதற்கென்றே ஒரு பள்ளம் ஓடும். ப்ளேட்டட் குண்டு பலவற்றில் அந்தப் பள்ளமே கிடையாது. பள்ளமில்லாத இடத்தில் அழுத்திக் கவ்வினால் பித்தளை விளிம்பு முலாமை வெட்டிவிடும். வெட்டுப்பட்ட முலாம் குழலுக்குள் உரியும். அதற்காகத்தான் லேசான கிரிம்ப் போதும் என்கிறார்கள். ஆனால் லீவர் ரைபிளின் மேகசின் ஒரு நீளக் குழாய். தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நிற்க, பின்னாலிருப்பதன் மூக்கு முன்னாலிருப்பதன் பிரைமரைத் தொட்டுக்கொண்டிருக்கும். ஸ்பிரிங் ஒரு பக்கம் தள்ளும், சுடும்போது உதைப்பு இன்னொரு பக்கம் தள்ளும். பிடிப்பு தளர்ந்தால் குண்டு கூட்டுக்குள் இறங்கும், உள்ளே இடம் சுருங்கும், அழுத்தம் எகிறும்.

ஆக, வெடிமருந்து இறுக்கிக் கவ்வு என்கிறது. மேகசினும் இறுக்கிக் கவ்வு என்கிறது. குண்டு மட்டும் லேசாகத் தொடு போதும் என்கிறது. இந்த மூன்றையும் ஒரே தோட்டாவுக்குள் சமாதானப்படுத்துகிறேன் என்கிறவருக்குத் தைரியம் ஜாஸ்தி.

இதற்கு வரும் வழக்கமான பதில்: "பல வருஷமாக இப்படித்தான் சுடுகிறேன், ஒன்றும் ஆகவில்லை." ஹெல்மெட் இல்லாமல் ஓட்டுகிறவரும் இதையேதான் சொல்கிறார். ஒன்றும் ஆகாத நாட்களை எண்ணிப் பயனில்லை. ரைபிளில் முகம் அந்தப் பூட்டுக்குப் பக்கத்தில், கன்னம் கட்டையில் பதிந்திருக்கிறது. ஏதாவது ஆகிற நாளில் முதலில் போவது கண்.

எதிர் முனைக்கு ஓடுகிறவர்களும் இருக்கிறார்கள். மெதுவானது ஆபத்தென்றால் மிக வேகமாக எரிகிற புல்ஸ்ஐ, டைட்குரூப் போன்றவற்றைத் துளிபோல் போட்டு முடித்துவிடலாம் என்பது அவர்கள் கட்சி. ரிவால்வரில் சரிப்படும். ஆனால் .357 கூடு பெரியது, அந்தத் துளி அடியில் எங்கோ கிடக்கும். கவனம் பிசகி இரண்டு தடவை ஊற்றினாலும் நிரம்பி வழியாது, கண்ணுக்கும் தெரியாது. மிகக் குறைவாகப் போட்டாலோ வேறு சிக்கல். எண்ணெய்ப் பசை பூசிய ஈயக்குண்டு வழுக்கிக்கொண்டு போகும் தூரத்தைச் செம்பு பூசியது உராய்ந்து கடக்க வேண்டும். நீளக் குழலில் நடுவழியில் நின்றுவிட்டால் வெளியே கேட்பது ஒரு மந்தமான "புஸ்" மட்டுமே. லீவரை வேகமாக இழுத்து அடுத்ததைச் சுடுவதுதான் இந்த ரைபிளின் சுகமே... அடைபட்ட குழலில் அந்த அடுத்த சூடு குழலையே பிளந்துவிடும்.

அப்புறம் எதைத்தான் போடுவது? நடுத்தர வேகத்தில் எரிகிறவை இருக்கின்றன. யூனிக் என்ற வெடிமருந்து நூறாண்டுக்கும் மேலாகச் சந்தைக்குத் தெரிந்த பெயர். யுனிவர்சல், எச்எஸ்-6 போன்றவையும் அந்த நடுவாட்டத்தில் வருகின்றன. யூனிக் கொஞ்சம் அழுக்குப் பண்ணும், அளவுக் கருவியில் எச்110 போல வழுவழுவென்று விழாது, உண்மைதான். அழுக்கைத் துடைக்கத் துணி போதும். லோடு அளவை மட்டும் அச்சிட்ட கையேட்டிலிருந்து எடுக்க வேண்டும். ப்ளேட்டட் குண்டுக்கு ஈயக்குண்டின் அட்டவணையோ, ஜாக்கெட் அட்டவணையின் தொடக்க, நடு அளவோதான் பொருந்தும். வேகத்தை வேகமானி வைத்து அளக்க வேண்டும், அதுவும் சுடப்போகிற அந்த ரைபிளிலேயே. பக்கத்து வீட்டுக்காரர் ரிவால்வரில் அளந்தது உதவாது.

கடைசியாகக் காசுக் கணக்கு. ப்ளேட்டட் வாங்குவதே ஜாக்கெட்டைவிட மலிவு என்பதற்காக. ஒரு பவுண்டு டப்பாவில் 7000 கிரெய்ன் இருக்கும். மேக்னம் கூட்டை எச்110-ஆல் நிரப்ப, யூனிக்கைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு எடை வேண்டும். அதாவது ஒரே டப்பா பாதித் தோட்டாக்களுக்குத்தான் வரும். குண்டில் மிச்சம் பிடித்த காசை வெடிமருந்தில் ஊதித் தள்ளிவிட்டு, அந்த வேகத்தைத் தாங்காத குண்டைச் சுட்டு, சிதறிய குறியைப் பார்த்துத் துப்பாக்கியைத் திட்டுகிறார்கள். காஸ்ட் அக்கவுண்டிங் முதல் பாடத்திலேயே ஃபெயில்.

மான் வேட்டைக்குப் போகிறவர் விஷயம் தனி. அவருக்கு 1700 அடி நிஜமாகவே தேவைப்படலாம். முலாம் பூசிய குண்டு காகித இலக்குக்கும் இரும்புத் தட்டுக்கும் என்று செய்யப்பட்டது. உடம்புக்குள் எப்படி விரிய வேண்டும் என்று யாரும் அதை வடிவமைக்கவில்லை. பாதி அடிபட்டுப் புதருக்குள் ஓடி மெதுவாகச் சாகிற விலங்கு அந்த மிச்சக் காசுக்கு விலை கொடுக்க வேண்டியதில்லை. எச்110 டப்பாவைத் திறந்தே தீருவேன் என்கிறவர், தட்டை மூக்கும் இடுப்புப் பள்ளமும் உள்ள ஜாக்கெட் குண்டு ஒரு பெட்டி வாங்கிக்கொள்ளட்டும். வேட்டைக்குப் போகிற ஒரு சீசனுக்கு அந்த ஒரு பெட்டியே தாராளம்.