அஞ்சு நிமிசம்தானே

சித்திரை வருசத்துக்கு ஊருக்குப் போவதென்றால் எங்கள் வீட்டில் மார்ச் கடைசியிலேயே பட்டியல் தொடங்கிவிடும். அப்பம்மாவுக்குச் சாறி, சித்தப்பாவின் பிள்ளைகளுக்கு உடுப்பு, வான்காரருக்கு அட்வான்ஸ், வழியில் சாப்பிட இடியப்பப் பார்சல். அந்தப் பட்டியலில் எங்கட நாயின் பெயர் ஒருநாளும் இருந்ததில்லை. அதுக்காக நாங்கள் பாசமில்லாத ஆக்கள் எண்டு நினைக்க வேண்டாம். மீன் வெட்டினால் தலை முதலில் அதுக்குத்தான் போகும். பாசம் இருந்தும் இரண்டு தடவை பிழை விட்டோம்.

முதல் நாயை விட்டிட்டுப் போனோம். வத்தளையில் வீட்டுக்குப் பின்னால் சங்கிலியில் கட்டி, ஒரு பேசின் நிறையத் தண்ணீர், இன்னொன்றில் மூன்று நாளுக்குக் காணும் எண்டு சோறு. "நாய்தானே, இருக்கும்" எண்டு அப்பா சொன்னார். ஒருத்தரும் மறுத்துக் கதைக்கேல்லை. அந்த வெக்கையில் சோறு அடுத்த நாளே பழுதாகியிருக்கும். வருசம் பிறக்கிற நேரத்தில் ஒழுங்கை முழுக்க வெடி கொளுத்துவார்கள் என்பதும் எங்களுக்குத் தெரியாத விசயம் இல்லை. திரும்பி வந்தபோது சங்கிலியும் அதன் நுனியில் கழுத்துப்பட்டியும் மட்டும் கிடந்தன. இரண்டு கிழமை தேடினோம். கிடைக்கவில்லை.

அடுத்து வளர்த்த நாயை இப்படி விடுவதில்லை என்று முடிவெடுத்து, கூடவே கூட்டிக்கொண்டு போனோம். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர். முறிகண்டியில் எல்லா வாகனமும் நிற்கிற மாதிரி எங்கட வானும் நின்றது. நாயை உள்ளே விட்டு, கண்ணாடியை நாலு விரல் அளவு இறக்கிவிட்டு, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கப் போனோம். "அஞ்சு நிமிசம்தானே." தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி, அங்க கண்ட சொந்தக்காரரோட கதைச்சு முடிய இருபது நிமிசம். கதவைத் திறந்தால் நாய் சீற்றுக்குக் கீழே சரிந்து கிடந்தது. நாக்கு கடும் சிவப்பு, வாயெல்லாம் நுரை, காலை ஊன்ற முடியவில்லை. கச்சான் விற்கிற அம்மா ஒராள்தான் ஓடி வந்து, மர நிழலில் கிடத்தச் சொல்லி, வாளித் தண்ணியை அது மேல ஊத்தி, கடதாசி மட்டையால விசுக்கினா. அது பிழைத்தது. அந்த அம்மா புத்தியாகச் செய்தா என்பதைத் தவிர அதில் எங்களுக்கு ஒரு பெருமையும் இல்லை.

ஏப்ரல் 5 தொடக்கம் 15 வரை சூரியன் இலங்கைக்கு நேர் மேலே நிற்கிறது. அந்த நாட்களில்தான் நாங்கள் எல்லோரும் பயணம் போகிறோம். வெளியே 30 பாகை என்றால், வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் பத்து நிமிடத்தில் 40 பாகை வரும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிடுவதால் பெரிய வித்தியாசம் இல்லை. எங்களைப்போல உடம்பு முழுக்க வியர்த்துச் சூடு தணிக்க நாயால் முடியாது. இளைத்து, நாக்கு வழியாகத்தான் அது சூட்டை வெளியேற்றும். சுற்றியிருக்கிற காற்றே கொதிக்கும்போது இளைப்பதால் பிரயோசனமில்லை. பக் மாதிரி முகம் தட்டையான நாய்களுக்கு இது இன்னும் ஆபத்து.

இதைச் சொல்லும்போது வீட்டில் வருகிற பதில் எனக்குத் தெரியும். "மனிசருக்கே பஸ்ஸில இடமில்லை, இதுக்குள்ள நாய்க்குத் திட்டம் போடுறியோ?" நியாயமான கேள்விதான். வான் பிடிக்க எல்லோராலும் முடியாது, காசு கட்டி நாயை எங்காவது விடவும் எல்லோராலும் முடியாது. ஆனால் கழுத்தை உருவிக்கொண்டு ஓடின எங்கட நாய் பிறகு யாருடைய பிரச்சினை? அது தெருவில் இன்னொரு நாயோடு கடிபட்டிருக்கும். பயத்தில் ஒரு பிள்ளையைக் கடித்திருக்கவும் கூடும். விசர்நாய்க்கடியால் இந்த நாட்டில் இன்னும் சனம் சாகிறது. நோய்க்குறி வெளியே தெரியத் தொடங்கினால் காப்பாற்றுவது கிட்டத்தட்ட முடியாத காரியம். ஆகவே இது நாய்ப் பிரியர்களின் செல்லக் கவலை இல்லை. ஊர்ப் பொறுப்பு.

கூட்டிக்கொண்டு போவதுதான் அன்பு என்று ஒரு எண்ணம் இப்போது எங்கட வயசு ஆக்களிடம் வந்திருக்கிறது. படமும் வடிவாக வரும். நான் அதை ஏற்கமாட்டேன். பூனைக்கு அநேகமாகத் தன் வீடுதான் நிம்மதி. ஒரு நாளைக்கு இரண்டு தரம் வந்து சாப்பாடு வைத்து, மண் தட்டைத் துப்பரவாக்க ஒராள் இருந்தால் அதை இருந்த இடத்திலேயே விடுங்கள். வயசான, வருத்தக்கார நாயும் அப்படித்தான். முதலில் கேட்க வேண்டியது "எனக்கு அதைப் பிரிஞ்சு இருக்கேலுமோ" என்பதில்லை, "அதால இந்தப் பயணத்தைத் தாங்கேலுமோ" என்பது.

தாங்கும் என்றால் சரியாகக் கூட்டிக்கொண்டு போங்கள். தடுப்பூசியைக் கடைசி நாளில் போடாமல் ஒரு மாதம் முதலே போட்டு, அட்டையைக் கையில் வைத்திருங்கள். கழுத்துப்பட்டியில் போன் நம்பர் எழுதுங்கள். விடிய வெள்ளனப் புறப்படுங்கள். வெளிக்கிட மூன்று நாலு மணித்தியாலத்துக்கு முதல் கொஞ்சமாகச் சாப்பாடு போதும். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா நிற்பாட்டித் தண்ணீர் கொடுங்கள். கதவைத் திறக்க முதல் கயிறு கையில் இருக்க வேண்டும். வாகனம் நிற்கிற ஒவ்வொரு இடத்திலும் ஒராள் அதோட வெளியே நிழலில் நிற்க வேண்டும். கோயிலுக்கு மாறி மாறிப் போகலாம், பிள்ளையார் கோவிக்கமாட்டார். பூனையை மடியில் வைத்திருக்காமல் மூடியுள்ள கூடையில் கொண்டு போங்கள். நித்திரை கொள்ளட்டும் என்று வீட்டிலிருக்கிற குளிசையைக் கொடுக்காதீர்கள், பூனைக்குப் பரசிற்றமோல் ஒன்றே உயிரை எடுக்கும். ஊரில் பாசத்தோடு நீட்டுகிற பாயாசத்தையும் மறியுங்கள். அதிலிருக்கிற பிளம்ஸ் நாயின் சிறுநீரகத்தைப் பழுதாக்கக் கூடியது.

தாங்காது என்றால் ஒராளிடம் விடுங்கள். எங்கள் பக்கத்து வீட்டு அன்ரி ஆக்கள் கத்தோலிக்கர், சித்திரைக்கு எங்கேயும் போவதில்லை. நாங்கள் ஊரில் நிற்கும்போது எங்கட நாய் இப்போது அவர்கள் வீட்டுக் குசினியில் படுத்திருக்கும். வெடிச் சத்தம் தொடங்கினால் ரேடியோவைச் சத்தமாகப் போட்டுவிடுவா. நத்தாருக்கு அவர்கள் நீர்கொழும்புக்குப் போனால் அவர்களின் இரண்டு பூனைக்கும் நான்தான் சமையல்காரி. ஆருக்கும் ஒரு சதம் செலவில்லை. இத்தனை வருசம் பக்கத்துப் பக்கத்தில் இருந்தும் இதைக் கேட்க எங்களுக்கு வாய் வராமல் இருந்ததுதான் வெட்கம்.

இந்த முறை பட்டியலை நான்தான் எழுதினேன். அப்பம்மாவின் சாறிக்கும் மேலே, முதல் வரியில் நாயின் பெயர். அப்பா பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வந்து, அன்ரிக்கு என்ன வாங்கலாம் என்று கேட்டார்.