வானில் நாலேகால் மணி, வழியில் எட்டு மணி

சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் வான்வழியே எவ்வளவு தூரம்? கணிதம் பயிலும் மாணவனுக்கு இது எளிய வினா. சென்னை ஏறத்தாழ 13 டிகிரி வட அட்சம், 80 டிகிரி கிழக்குத் தீர்க்கம். சிங்கப்பூர் 1.4 டிகிரி வடக்கு, 104 டிகிரி கிழக்கு. கோள முக்கோணவியல் சூத்திரத்தில் இட்டால் பூமியின் மையத்தில் அமையும் கோணம் 26 டிகிரிக்குச் சற்று மேல். டிகிரிக்கு 111 கிலோமீட்டர் வீதம் ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர். விமானம் இதை நாலேகால் மணி நேரத்தில் கடந்துவிடுகிறது. கணக்கு முடிந்தது என்றுதான் நானும் இருந்தேன், சென்ற ஆண்டு என் ஆயா இறக்கும் வரை.

சித்தப்பா சிங்கப்பூரில் கட்டட வேலை செய்கிறார். இரவே செய்தி சொன்னோம். காலை விமானத்துக்குச் சீட்டு எடுத்து, அதைக் கைப்பேசியில் அனுப்பினார். 8.00 மணிக்குப் புறப்பாடு, 9.45க்கு வருகை. "ரெண்டு மணி நேரங்கூட இல்லையே, பத்து மணிக்கெல்லாம் வந்துடுவான்" என்றார் அப்பா. அந்த ஊர்க் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது என்பதை நான் விளக்கினேன். விளக்க வேண்டியது அதுவல்ல என்று பிறகுதான் தெரிந்தது.

9.45க்கு விமானம் இறங்கிவிட்டது. ஒரு நிமிடத் தாமதமும் இல்லை. குடியேற்றச் சோதனை, பெட்டி எல்லாம் முடிந்து வெளியே வர 11 மணி. கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் சேர 12. அங்கே ஏறிய பேருந்து சிதம்பரத்தில் நின்றபோது மாலை 5. எங்கள் ஊருக்கு வரும்போது 5.45. பொழுது சாயுமுன் எடுத்துவிட வேண்டும் என்று பெரியவர்கள் சொல்ல, நாலு மணிக்கே எடுத்துவிட்டோம். 2,900 கிலோமீட்டரை நாலேகால் மணியில் கடந்தவருக்கு, மீதி இருநூற்றுச் சொச்சத்துக்கு எட்டு மணி நேரம்!

இதற்கு நெய்வேலியில் விமானம் வந்தால் போதும் என்பார்கள். உடான் திட்டத்தில் 2017ஆம் ஆண்டின் முதற்சுற்றிலேயே நெய்வேலி பெயர் வந்தது. அறிவித்த விமானம் வரவில்லை. வந்திருந்தாலும் என்ன? நெய்வேலிக்கும் சென்னைக்கும் வான்வழி ஏறத்தாழ 170 கிலோமீட்டர்தான். பறப்பது அரைமணிக்குச் சற்று மேல் என்று வைத்துக்கொண்டாலும், அடுத்த விமானத்துக்குக் காத்திருப்பதும், நெய்வேலியிலிருந்து மறுபடி பேருந்து பிடிப்பதும் மிச்சப்பட்ட நேரத்தை விழுங்கிவிடும். கட்டணத்தை நான் சொல்லவே இல்லை.

என் கருத்து வேறு. விமான நிலையத்தின் எதிரிலேயே திரிசூலம் ரயில் நிலையம் இருக்கிறது. அங்கிருந்து தாம்பரம் சில நிமிடம். கடலூர், சிதம்பரம் வழியாகச் செல்லும் வண்டிகள் தாம்பரத்தில் நிற்கின்றன. ஆனால் அதிகாலையிலும் முற்பகலிலும் இறங்குவோருக்கு ஏற்ற நேரத்தில் வண்டி வேண்டுமே! அந்த நேரத்துக்கு ஒரு ரயில், விமான நிலைய வாசலிலிருந்தே கடலூர் வழியாகச் சிதம்பரத்துக்கு ஓர் அரசுப் பேருந்து, இவ்வளவுதான் கேட்கிறேன். புவனகிரியிலும் பரங்கிப்பேட்டையிலும் வெளிநாட்டில் ஆள் இருக்கும் வீடுகளை எண்ணிப் பார்த்தால் பேருந்து காலியாக ஓடாது என்பது விளங்கும்.

சித்தப்பா வரும் தை மாதம் வருகிறார். இம்முறை திருச்சிக்குச் சீட்டு எடுக்கலாமா என்று கேட்டார். அங்கிருந்தும் சிதம்பரம் பக்கத்தில் இல்லை. பேருந்து நேரம் விசாரித்துச் சொல்வதாகக் கூறியிருக்கிறேன்.