கூடாதும் முடியாதும்

ஆங்கிலத்தில் ‘மே’ என்னும் துணைவினை அனுமதியையும் உணர்த்தும். நிகழக்கூடும் என்பதனையும் உணர்த்தும். நம் ‘லாம்’ ஈறும் அத்தகையதே. கொல்லிமலையில் ஒருவர், “ஆகாயகங்கையில் குளிக்கலாம்” எனின், அஃது அனுமதியோ, நீருண்டென்னும் செய்தியோ என்பதை நாம் இடம் நோக்கியே உணர்தல் வேண்டும்.

எதிர்மறையிலும் ‘மே நாட்’ அவ்விரு பொருளையும் சுமக்கின்றது. தமிழோ அவற்றைப் பிரித்துவிடுகின்றது. ‘போகக்கூடாது’ என்பது தடை. ‘போகாமலிருக்கலாம்’ என்பது ஐயம். ‘போக முடியாது’ என்பது ஆற்றலின்மை. இவ்வேற்றுமையைப் பேணுதல் இலக்கண மாணவர்க்கு மட்டுமன்றி யாவர்க்கும் கடன் என்பது எம் கருத்து. தடுக்க விழைவோர் பலர் “நீர் போகக்கூடாது” என்னாது, “உம்மால் முடியாது” என்கின்றனர். தடுப்பவர் மறைய, குறை தடுக்கப்பட்டவர்மேல் ஏறுகின்றது.

இதற்கு அக்கொல்லிமலையே சான்று. ஆங்குத் தொண்டாற்றிய ஜெஸ்ஸி பிராண்டு 1929-இல் காலமானார். அவர் மனைவியார் எவலின் அம்மையார் முதுமையில் மீண்டும் அம்மலைக்குச் செல்ல விழைந்தபோது, மிஷன் சங்கத்தார் வயதைக் காட்டி மறுத்தனர். அம்மையாரோ பணி ஓய்வு பெற்றுத் தாமே மலையேறினார். மலைமக்களிடையே பல்லாண்டு உழைத்து, 1974-இல் தம் 95-ஆம் வயதில் மறைந்தார். சங்கத்தார் விதித்தது ‘கூடாது’ என்னும் தடையே. ‘முடியாது’ என்பதனை அம்மையாரின் வாழ்வே பொய்யாக்கிற்று.

ஆதலின் நண்பர்காள், மொழிபெயர்க்குங்காலும், நாளை அலுவலகத்தில் அமர்ந்து பிறர் மனுவிற்கு விடையெழுதுங்காலும், தடையைத் தடையென்றே எழுதுவோமாக.