கம்பளிக்கு விளம்பரம் இல்லை

பழைய விளம்பரங்களைத் தொகுத்த படப் புத்தகம் ஒன்றுக்கு அண்மையில் பரிசு கிடைத்திருக்கிறது. பரிசோடு எங்களுக்கு வழக்கு இல்லை. அச்சு நேர்த்தி; தாள் அதைவிட நேர்த்தி. அதைப் பாராட்டிச் சகோதர இதழொன்று எழுதிய நீண்ட கட்டுரையோடுதான் வழக்கு. இலங்கை மலையகத்தை ஆக்கியது இயந்திரம், அந்த இயந்திரத்தை மலைக்கு ஏற்றியது விளம்பரம், ஆகவே இந்தப் பகுதியின் ஆதிப் பிரதி விளம்பரப் பக்கமே என்று முடிக்கிறது கட்டுரை. பண்டங்களுக்கும் வாழ்க்கை வரலாறு உண்டு என்னும் பள்ளியின் கலைச்சொற்கள் பத்தி தவறாமல் வருகின்றன. ஆள் திரட்டி வேலை வாங்கிய கங்காணி ஓரிடத்திலும் வரவில்லை. கங்காணி இல்லாமல் தோட்டத்து வரலாற்றை எழுதி முடித்தது ஒரு சாதனைதான். பரிசை அதற்குக் கொடுத்திருக்கலாம்.

விளம்பரங்கள் சொன்னவற்றில் பெரும்பகுதி உண்மை என்பதை முதலில் ஒப்புக்கொள்வோம். 19ஆம் நூற்றாண்டில் இந்த மலைகளுக்கு வந்த துரைமாருக்கு விற்கப்படாத பொருள் குறைவு. 1844இல் தொடங்கிய கார்கில்ஸ் பங்களா வாழ்க்கைக்கு வேண்டிய சீமைச் சரக்கை இறக்கியது. 1854இல் கண்டியில் பட்டறை போட்ட ஜோன் வாக்கர், கோப்பிப் பழத்தின் தோலை உரிக்கும் பல்ப்பர்களைச் செய்து விற்றார். 1869இல் கோப்பி இலையில் துரு நோய் கண்டது. இருபது ஆண்டுக்குள் கோப்பி ஏறக்குறைய ஒழிந்தது. இரும்பு வியாபாரம் ஒழியவில்லை, சரக்குத்தான் மாறியது. லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் 1867இல் 19 ஏக்கரில் தொடங்கிய தேயிலை 1895இல் மூன்று லட்சம் ஏக்கரைத் தொட்டிருந்தது. அதற்குள் பிரவுண் கம்பெனி ஹட்டனிலேயே 1875இல் கடை திறந்துவிட்டது. அடுத்த ஆண்டு கொழும்பு கமர்ஷல் கம்பெனி வந்தது. 1877இல் சிங்கர் தையல் இயந்திரம் தீவுக்கு வந்து இறங்கியது. 1881இல் பெர்குசன் குடும்பத்தார் தொடங்கிய ‘டிராபிகல் அக்ரிகல்சரிஸ்ட்’ இதழைப் புரட்டினால், தோட்டக்காரர் அறிவையும் சரக்கையும் ஒரே இடத்தில் வாங்கியது தெரியும். 1884இல் ரயில் ஹட்டனை எட்டியதும், அதுவரை மாட்டு வண்டியிலும் மனிதத் தலையிலும் ஏறிய இரும்பு பெட்டிபெட்டியாக வந்து இறங்கியது.

அந்த இரும்பின் மீது இந்த இதழுக்கும் பழைய மோகம் உண்டு. சாமுவேல் டேவிட்சன் என்ற இளைஞர் 1864இல் பெல்பாஸ்டிலிருந்து அசாமின் கச்சாரில் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறார், கரி அடுப்பின் மேல் தட்டுகளில் இலை காய்வதைப் பார்த்துச் சூடான காற்றை இலைக்குள் செலுத்தும் உலர்த்தியைச் செய்கிறார், சகாரா பக்கத்து வெப்பக் காற்றின் பெயரான ‘சிரோக்கோ’வை அதற்குச் சூட்டுகிறார், 1881இல் பெல்பாஸ்டில் அதே பெயரில் ஆலை எழுப்புகிறார். பின்னர் அதே ஆலை கப்பல்களுக்கும் சுரங்கங்களுக்கும் காற்று விசிறிகள் செய்தது. தேயிலை காய வைக்கப் பிறந்த யோசனை கடலுக்குப் போனது! இன்னொரு பக்கம் வில்லியம் ஜாக்சன். 1872இல் அசாமில் இலையைத் திருகும் அவருடைய ரோலர் ஓடத் தொடங்கியது. பிறகு கெயின்ஸ்பரோ நகரத்து மார்ஷல் கம்பெனி அவருடைய இயந்திரங்களை வார்த்தது. ஒரு இறாத்தல் தேயிலை காய எட்டு இறாத்தல் மரம் கரியாகி எரிந்த இடத்தில் கால் இறாத்தல் நிலக்கரி போதும் என்றானது. உற்பத்திச் செலவு இறாத்தலுக்கு 11 பென்ஸிலிருந்து ஏறக்குறைய 3 பென்ஸுக்கு இறங்கியது. 8,000 ரோலர்கள் 15 லட்சம் பேரின் வேலையைச் செய்கின்றன என்றொரு கணக்கும் தேயிலை நூல்களில் திரும்பத் திரும்ப வரும். கையாலும் காலாலும் இலையைத் திருகிய வேலையின் கொடுமை தெரிந்த எவரும் இந்த இயந்திரங்களைச் சபிக்க மாட்டார்.

ஆனால் இவை எல்லாம் ஸ்டோருக்குள், அதாவது தேயிலை ஆலைக்குள். வாட்டுவது, திருகுவது, உலர்த்துவது, சலிப்பது, பெட்டியில் அடைப்பது வரை ஒரு தலைமுறைக்குள் இயந்திரத்துக்கு மாறின. ஸ்டோர் வாசலைத் தாண்டி மலையில் என்ன இருந்தது? கொழுந்துக்கூடை, கவ்வாத்துக் கத்தி, மண் கிளறும் முள்ளு, மண்வெட்டி. கொழுந்தை மேல் மலையிலிருந்து இறக்க அங்கங்கே கம்பி கட்டினார்கள், அவ்வளவுதான். குடியேற்ற நாடுகளின் விளம்பரங்களோடு இதை ஒப்பிட்டால் விஷயம் துலங்கும். அமெரிக்காவில் மெக்கார்மிக் தன் அறுவடை இயந்திரத்துக்கு 1834இல் காப்புரிமை பெற்று, பிறகு அதைத் தவணைக்கும் விற்றார். தென் அவுஸ்திரேலியாவில் 1843இல் ரிட்லி கதிர் கொய்யும் இயந்திரத்தை ஓடவிட்டார், 1876இல் வேர்க்கட்டையைத் தாண்டித் துள்ளும் கலப்பை வந்தது. அங்கெல்லாம் இயந்திரம் முதலில் இறங்கியது வயலில். மண்ணின் மக்களை விரட்டிவிட்டு நிலத்தைப் பிடித்தவனுக்கு நிலம் மிகுதி, கூலிக்கு ஆள் பஞ்சம். இங்கே காட்டை அழித்து நிலத்தைப் பிடித்தவனுக்கு ஆள் பஞ்சத்தைக் கங்காணி தீர்த்து வைத்தான். ஸ்டோருக்குள் இயந்திரம் வந்ததற்குக் காரணம் இலண்டன் சந்தை: சீனத் தேயிலையைத் தோற்கடிக்க ஒரே சீரான, கை படாத, சுத்தமான சரக்கு என்ற பெயர் வேண்டியிருந்தது. மலைக்கு அப்படி எந்தப் பெயரும் வேண்டியிருக்கவில்லை.

இரண்டு இலையும் ஒரு மொட்டும் பார்த்துக் கிள்ளும் வேலையை, அதுவும் இந்தச் சரிவில், எந்த இயந்திரம் செய்யும் என்று கேட்பார்கள். தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் கேட்கும் கேள்வி, ஒதுக்க முடியாது. தரமான கொழுந்துக்குக் கை வேண்டும் என்பதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதிக்கு வேறு நாடுகளைப் பார்க்க வேண்டும். ஜப்பானில் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே பை கட்டிய கத்தரிக்கோலால் கொழுந்தெடுத்தார்கள். சோவியத் ஜோர்ஜியாவில் 1960களில் கொழுந்து கொய்யும் வண்டியே ஓடியது. அந்தச் சரிவும் இந்தச் சரிவும் ஒன்றல்ல, சரி. ஆனால் நம்முடைய இதே சரிவில் இன்று கத்தரியும் மோட்டார் வெட்டியும் ஏறிவிட்டனவே! மலை சாய்ந்து கொடுத்ததா? நூறாண்டாக முடியாதென்ற காரியம், பிள்ளைகள் கொழும்புக்கு வேலைக்குப் போனதும், தாய்மார் வளைகுடாவுக்குப் போனதும், ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்துக்கான சண்டை ஆண்டுக்கணக்கில் இழுத்ததும் முடிந்துபோனது. இயந்திரம் எங்கே நிற்கும், எங்கே நகரும் என்பதைத் தீர்மானித்தது கூலி. பல்சக்கரத்தையே ரோதைமுனி என்று கும்பிட்டவர்கள் இயந்திரத்தின் மாயைக்கு ஆட்பட்டவர்கள்தானே என்று அந்தக் கட்டுரையாளர் கேட்கக்கூடும். ரோதைக்குள் கை போய்விடக் கூடாதென்று படையல் போட்டவர்களுக்கு இயந்திரத்தைப் பற்றி விளம்பரக்காரனைவிட அதிகம் தெரிந்திருந்தது என்பது எங்கள் எண்ணம்.

இனிக் கம்பளிக்கு வருவோம். இந்த மலையில் பெருந்தொகையாக விற்கப்பட்ட வீட்டுப் பொருள் எது? துரையின் அடுப்போ பீங்கானோ அல்ல. துரைமார் சில ஆயிரம் பேர், தொழிலாளர் லட்சக்கணக்கில். அவர்களுக்கு விற்கப்பட்டவை கம்பளியும் அரிசியும். இரண்டும் தோட்டத்துக் கணக்கில் வந்தன, இரண்டும் சம்பளத்தில் கழிந்தன. தமிழ்நாட்டுக் கிராமத்திலிருந்து புறப்படும்போதே வழிச்செலவு கங்காணியின் கணக்கில் கடனாக ஏறியிருக்கும். மலைக் குளிருக்குப் போர்த்திய கம்பளி அடுத்த வரி. கடன் தீராமல் வேறு தோட்டத்துக்குப் போக வழியில்லை. போனால் கடனைக் குறித்த துண்டும் கூடவே போகும். அந்தத் துண்டு முறை சட்டத்தால் ஒழிய 1921 ஆகிவிட்டது. இந்தக் கம்பளிக்கு எந்தப் பத்திரிகையில் படம் போட்டார்கள்? எந்த வழிகாட்டி நூலில் விலைப்பட்டியல் வந்தது? வேறு கடைக்குப் போக முடியாதவனுக்கு விளம்பரம் எதற்கு! தெரிவு செய்யக் கூடியவனிடம் மட்டுமே விளம்பரம் பேசும். ஆகவே விளம்பரங்களைக் கொண்டு மட்டும் வரலாறு எழுதினால் தெரிவு செய்ய முடிந்தவர்களின் வரலாறுதான் கிடைக்கும். பரிசு பெற்ற புத்தகத்தில் கிடைப்பதும் அதுதான்.

தொழிலாளரின் வரிசை வீடான லயத்தின் கூரையில் ஏறிய தகரமும் இதே கதை. நெளி தகரம் உலகெங்கும் குடியேறிகளுக்கென்று விற்கப்பட்ட சரக்கு. அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் அது சொந்த வீட்டின் கூரையானது, இன்று அங்கே அதற்குக் கவிதையே உண்டு. இங்கே அது பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராக்களின் வரிசைக்கு மேலே தோட்டத்தின் சொத்தாக இருந்தது. இயந்திரப் பட்டியல்களின் செதுக்குப் படங்களில் பெரும்பாலும் ரோலர் தனியே நிற்கும், ஆள் இல்லை. 1890இல் வந்து தோட்டங்களை வாங்கிய லிப்டனின் விளம்பரங்களிலோ கூடையோடு பெண் சிரிப்பாள், இயந்திரம் இல்லை. தோட்டத்திலிருந்து நேரே தேநீர்க் கெண்டிக்கு என்றார் லிப்டன். நடுவில் நின்றவர்கள் எல்லோரும் ஒரே வாக்கியத்தில் கரைந்தார்கள். பண்டத்தின் மாயையைப் பற்றித் தாடிக்காரர் மார்க்ஸ் எழுதியதை இந்த இரண்டு படங்களையும் அருகருகே வைத்துப் பாடமாகவே நடத்தலாம்.

அந்தக் கட்டுரை துரைமாரைக் குடியேறிகள் என்கிறது. அவர்களில் பெரும்பாலோர் உத்தியோகம் முடிந்து கப்பலேறினார்கள். குடியேறி, பிள்ளை பெற்று, இந்த மண்ணிலேயே புதைந்தவர்களைத்தான் 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தேறிகளாக்கியது. 1964இன் இலங்கை–இந்திய ஒப்பந்தம் அவர்களைத் தலைக்கணக்குப் போட்டுப் பங்கிட்டது. 1969இல் பொல்பிட்டியவில் 75 மெகாவாட் மின் நிலையம் ஓடத் தொடங்கியது. சுற்றியிருந்த தோட்டங்களின் ஸ்டோர்களில் மின்சாரம் இருந்தது. லயங்களில் பலவற்றில் அதற்குப் பின்னும் பல ஆண்டுகள் குப்பி விளக்குத்தான். இதையும் இயந்திரம் ஆக்கிய மலையகம் என்று சொல்வதானால் சொல்லட்டும்.

வாசகர்களிடம் ஒன்று கேட்கிறோம். வீட்டில் பழைய செக்ரோல் (வேலைநாள் பதிவு) தாள், பற்றுச்சீட்டு, கம்பளிக்கும் அரிசிக்கும் பிடித்த கணக்கு, துண்டு எதுவானாலும் கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். படி எடுத்து எங்களுக்கு அனுப்புங்கள். அடுத்த இதழிலிருந்து அவற்றுக்கு நான்கு பக்கம் ஒதுக்குகிறோம். தாள் மட்டமாகத்தான் இருக்கும்.