கல்லூரியில் சேர்த்தால் போதுமா?
நல்ல பழக்கத்தைப் பாடமாக நடத்தினால் பலன் உண்டா?

"பையனைக் கல்லூரியில் சேர்த்தாகிவிட்டது. இனி அவன் பாடு!" என்று பல பெற்றோர் சொல்லுகிறார்கள். அப்படி விட்டுவிடலாமா?

1947-ல் அழகப்பச் செட்டியார் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார். அதற்கு முன்பு இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் மேல்படிப்புக்கு வெளியூர் போகவேண்டியிருந்தது. இன்று ஆத்தங்குடிப் பிள்ளை காலையில் பஸ் ஏறிக் காரைக்குடியில் படித்துவிட்டு, மாலையில் வீடு திரும்பலாம். கல்லூரி பக்கத்தில் வந்துவிட்டது. ஆனால், சேர்ந்த பிள்ளைகள் எல்லோரும் படிப்பை முடிக்கிறார்களா? அதுதான் கேள்வி.

பாதியில் நிற்பவர்களுக்குப் பணக்கஷ்டம் ஒரு காரணம். பழக்கமும் ஒரு காரணம். நேரத்தோடு வகுப்புக்குப் போகவேண்டும். அன்றைய பாடத்தை அன்றே படிக்கவேண்டும். புரியாததைக் கூச்சப்படாமல் ஆசிரியரிடம் கேட்கவேண்டும். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு இதை யார் சொல்லித் தருவார்கள்?

"கல்லூரியே சொல்லித் தரட்டுமே!" என்பார்கள். நல்ல யோசனைதான். ஆனால், சொல்லித் தந்தால் பலன் உண்டா? அமெரிக்காவில் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள்.

சமுதாயக் கல்லூரி

அமெரிக்காவில் 'சமுதாயக் கல்லூரி' என்று ஒரு வகைக் கல்லூரி உண்டு. அங்கே 2 ஆண்டுப் படிப்பு. கட்டணம் குறைவு. ஏழைப் பிள்ளைகளும், வேலை செய்துகொண்டே படிப்பவர்களும் அங்கே அதிகம். பாதியில் நிற்பவர்களும் அதிகம்.

நம் பக்கத்திலும் இந்த வகைக் கல்லூரிகள் உண்டு. புதுச்சேரியில் 1995-லும், சென்னையில் 1996-லும் தொடங்கின. சென்னையில் தோன்றிய முறையில், தொழிலை மாத்திரம் சொல்லித் தருவதில்லை. பிறரோடு பேசிப் பழகுவது, தன்னம்பிக்கை போன்ற வாழ்க்கைப் பாடங்களும் உண்டு. பிறகு தொழில் நடக்கும் இடத்திலேயே நேரடிப் பயிற்சியும் உண்டு.

பாடம் மாத்திரம் நடத்தினார்கள்

அமெரிக்காவில் வட கரோலினா மாகாணத்தில் கில்போர்டு என்ற சமுதாயக் கல்லூரி இருக்கிறது. அங்கே, படிப்பில் பின்தங்கிய மாணவர்களுக்கு 'வெற்றிப் பாடம்' ஒன்று நடத்தினார்கள். நேரத்தைச் செலவிடுவது எப்படி, பொறுப்பாக நடப்பது எப்படி என்பதெல்லாம் அதில் உண்டு.

எம்.டி.ஆர்.சி. என்ற ஆராய்ச்சி நிறுவனம் இதன் பலனை ஆராய்ந்தது. எப்படி? ஒரே வயலில் பாதிக்கு உரம் போட்டு, மறு பாதியை விட்டு, விளைச்சலைப் பார்ப்பது போல! சுமார் 900 மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு அந்தப் பாடம் உண்டு. மறு பகுதிக்கு இல்லை.

2012-ல் முடிவு வெளிவந்தது. பாடம் கேட்டவர்களில், முன்பு பொறுப்புக் குறைவாக இருந்தவர்களின் மனப்போக்கு மாறியிருந்தது. ஆனால், மொத்தமாகப் பார்த்தால் படிப்பில் சொல்லத்தக்க முன்னேற்றம் இல்லை!

கூடவே நின்றார்கள்

நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் வேறு வழியில் போயிற்று. அதன் சமுதாயக் கல்லூரிகளில் 2007-ல் 'ஏ.எஸ்.ஏ.பி.' என்ற திட்டம் தொடங்கியது. படிக்கும் முறை பற்றிய வகுப்பு இதிலும் உண்டு. ஆனால் அதோடு விடவில்லை.

கட்டணத்தில் குறைந்த தொகையைத் திட்டமே கட்டியது. பாடப் புத்தகம் இலவசம். பஸ்ஸுக்கும் ரெயிலுக்கும் இலவசச் சீட்டு. இவற்றுக்கு மேலாக, 60 முதல் 80 மாணவர்களுக்கு ஓர் ஆலோசகர். மாணவன் அவரை அடிக்கடி சந்தித்தே ஆகவேண்டும். சந்தித்தால்தான் பஸ் சீட்டு!

இதையும் அதே நிறுவனம் குலுக்கல் முறையில் சோதித்தது. 896 மாணவர்கள். 3 ஆண்டுகளில் பட்டம் பெற்றவர்கள், திட்டத்தில் இருந்தோரில் 100-க்கு 40 பேர். இல்லாதோரில் 100-க்கு 22 பேர்தான்!

பிறகு ஓஹையோ மாகாணத்தில் 3 கல்லூரிகளில் இதே முறையைப் பின்பற்றினார்கள். அங்கே 35-க்கு 19 என்று முடிவு வந்தது. ஓர் ஊரில் தற்செயலாக நடந்தது அல்ல என்று தெரிந்துவிட்டது.

ஒரு மாணவனுக்கு ஆகும் செலவு இதில் கூடுதல்தான். ஆனால் படித்து முடித்தவர் தொகை பெருகியதால், நியூயார்க்கில் ஒரு பட்டத்துக்கு ஆன செலவு குறைந்தே இருந்தது. பாதியில் நிற்கும் பிள்ளைக்குச் செலவிட்ட பணம் அல்லவா வீண்!

ஏன் இந்த வித்தியாசம்?

ஆத்தங்குடிக்காரர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. பூக்கல் செய்வதைத் தினமும் பார்க்கிறார்கள். கண்ணாடிமேல் அச்சை வைத்து வண்ணக் கலவையை ஊற்றுவது சற்று நேரத்து வேலை. பிறகு கல்லைத் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறவைக்கிறார்கள். அப்போதுதான் உறுதி ஏறும். பழக்கமும் அப்படித்தான். சொல்லித் தருவது வார்ப்பு. கூட இருந்து கவனிப்பது ஊறவைப்பது.

தமிழ்நாட்டில் சில காரியங்கள் நடந்திருக்கின்றன. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வந்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் 'புதுமைப் பெண்' திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. ஆண்களுக்கு 'தமிழ்ப் புதல்வன்' 2024 ஆகஸ்டில் வந்தது. திறமையை வளர்க்க 'நான் முதல்வன்' 2022 மார்ச்சில் தொடங்கியது. பணமும் பயிற்சியும் நல்லவை. மூன்றாவதாக, பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "நேற்று ஏன் வரவில்லை?" என்று கேட்கும் ஆள் வேண்டும்.

பல கல்லூரிகளில் மாணவர்களைப் பிரித்து ஆசிரியர்களிடம் ஒப்படைக்கும் வழக்கம் உண்டு. அது கையெழுத்து வாங்கும் சடங்காகப் போனால் பலன் இல்லை.

பெற்றோர் கேட்கவேண்டியவை

கல்லூரியில் சேர்க்கும்போது கட்டணத்தை மாத்திரம் கேட்டுவிட்டு வராதீர்கள். இவற்றையும் கேளுங்கள்:

மூன்று ஆண்டுக்கு முன்பு எத்தனை பேர் சேர்ந்தார்கள்? அவர்களில் எத்தனை பேர் படித்து முடித்தார்கள்?

என் பிள்ளைக்குப் பொறுப்பான ஆசிரியர் யார்? அவர் பொறுப்பில் எத்தனை பேர்?

பிள்ளை தொடர்ந்து வராவிட்டால், எத்தனை நாளில் எங்களுக்குச் சொல்லுவீர்கள்?

படிக்கத் தெரியாத தாயும் இவற்றைக் கேட்கலாம். கேட்பதற்குப் பட்டம் தேவையில்லை.

சர்க்காரும் ஒன்று செய்யவேண்டும். "இத்தனை லட்சம் பேருக்குப் பயிற்சி தந்தோம்" என்ற கணக்கு மாத்திரம் போதாது. பயிற்சி பெற்றவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள், பெறாதவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள் என்று ஒப்பிட்டு ஊருக்குச் சொல்லவேண்டும். அந்தக் கணக்கு வெளியே வந்தால்தான் எந்தத் திட்டத்தை வளர்ப்பது, எதைத் திருத்துவது என்று தெரியும்.